ஆசிக் போட்டுவைத்த வழி

பந்தல்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வெயில் ஏறிவிட்டிருந்தது. தூத்துக்குடி ரோட்டில் ஒரு லாரி கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் அடுத்த லாரி வந்துவிடுகிறது. என் பையில் ஒரு லேப்டாப், இரண்டு கேபிள், தங்கச்சிக்குப் பிடித்த காராச்சேவு. மதுரையில் கம்ப்யூட்டர் கோளாறுகளுக்குப் போனில் பதில் சொல்வதுதான் எனக்குப் பிழைப்பு. "ரௌட்டரை அணைச்சிட்டுத் திரும்பப் போடுங்க" என்று சொல்லிச் சொல்லியே வாய் தேய்ந்தவள் நான். பாதிக் கோளாறு அதிலேயே சரியாகிவிடும். மீதிப் பாதிக்கு மனிதர்களின் கைவேலைதான் காரணமாக இருக்கும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம்.

தங்கச்சி ஆஃப்ரின், கணவரை இழந்த பெண்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தாள். அவள் கணவர் ஆசிக் வளைகுடாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தவர். ரூமில் தூங்கும்போதே மாரடைப்பு வந்து மௌத்தாகிவிட்டதாகக் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது. இவளுக்கு முகத்தைப் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. இத்தா முடியும்வரை இவள் வாசல் தாண்டக் கூடாது, வெளி ஆண்கள் எதிரில் வரக் கூடாது. அதனால்தான் இணைப்புக் கோளாறுக்கு லைன்காரரைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

அவளிடம் மிஞ்சியிருந்தது சென்னைக் கம்பெனி வேலை ஒன்றுதான். வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று அனுமதித்திருந்தார்கள். வி.பி.என். என்று ஒரு தனி வழி உண்டு. பிறர் கண்ணில் படாமல் வீட்டையும் ஆபீசையும் சேர்த்து வைக்கும். அது தினமும் மத்தியானத் தொழுகைக்கான லுஹர் பாங்கு முடிந்ததும் அறுந்துபோனது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே வந்தது. மேனேஜர் ஸ்ரீமதி நல்ல பெண், மேலிடத்தில் எப்படியோ சமாளித்து வந்தாள். அன்று காலை அவளும் கைவிரித்துவிட்டாள். "இன்னைக்கு மத்தியானம் வெளிநாட்டு கிளையண்ட் மீட்டிங். இன்னைக்கும் கட் ஆச்சுன்னா உங்க வேலையை என்னால காப்பாத்த முடியாது ஆஃப்ரின்." வேலை போனால் ஆஃப்ரினும் அவள் மாமியார் மீரான் பீவியும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆட்டோ கண்மாய்க்கரை வழியாகப் போய் நின்றது. கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆசிக்கின் அத்தா கட்டிய பழைய வீடு. மாமி மீரான் பீவிதான் கதவைத் திறந்தார்.

"வாம்மா ஷர்மிளா. இந்த வெயில்ல வந்திருக்கியே. உள்ள வா, உள்ள நல்லா குளுகுளுன்னு இருக்கு."

உண்மையாகவே குளுகுளுவென்று இருந்தது. அந்த வீட்டில் ஏசி கிடையாது. ஜன்னல்களை அடைத்துத் திரை போட்டிருந்ததால் நடு அறை இருண்டு கிடந்தது. அதனால் வந்த குளிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாடையும் வந்தது. நனைந்த அட்டைப்பெட்டியும் உறைந்த மீனும் சேர்ந்த வாடை.

"மீன் வாங்குனீகளா மாமி?"

"மீன்காரன் இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சும்மா."

ஆஃப்ரின் வெள்ளைச் சேலையில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சித்திரை மாதத்தில் கம்பளி.

"என்னடி, கொடைக்கானலுக்கா கெளம்பிட்ட?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஒல்லியாகிப் போயிருந்தாள்.

ரௌட்டர் இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருந்தது. ராவும் பகலும் எரிகிற பெட்டி, தொட்டால் சுடும். இதைத் தொட்டதும் விரலை இழுத்துக்கொண்டேன். அப்படி ஒரு சில்லிப்பு. மேலெல்லாம் தண்ணீர் முத்து முத்தாகப் பூத்திருந்தது. கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தேன். மழை பெய்து எத்தனையோ மாதமான ஊரில் எந்தக் கூரை ஒழுகும்?

துடைத்துவிட்டு, என் லேப்டாப்பில் ரௌட்டரின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். கோளாறு உடனே தெரிந்துவிட்டது. ஆபீஸ் வழியைத் தவிர இன்னொரு தனி வழியும் அதில் போட்டிருந்தது. வெளியிலிருந்து இந்த வீட்டுக்குள் வருகிற வழி. பெயர், ஆசிக்.

"அங்க வாட்ஸப்புல பேசத் தடை இருக்குல்லக்கா" என்றாள் ஆஃப்ரின். "லீவுல வந்தப்ப அவுகளே இதப் போட்டாக. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல இது வழியா வந்துதான் பேசுவாக."

இரண்டு வழியும் ஒரே நேரத்தில் ஓட அந்தச் சின்னப் பெட்டிக்குத் தெம்பு கிடையாது. ஒன்று வந்தால் இன்னொன்று அறுந்துவிடும். அப்படியென்றால் தினமும் மத்தியானம் இந்த வழியில் யாரோ வந்துகொண்டிருக்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அவரு ரூம்காரன் எவனோ அவரு போனை வச்சுக்கிட்டு ஓசியில வீட்டுக்குப் பேசுறான்டி."

"போனு இங்கதானம்மா இருக்கு" என்றார் மாமி. "சாமானோட அனுப்பிச்சு விட்டாங்களே."

பீரோவைத் திறந்து ஒரு துணி முடிச்சை எடுத்துத் தந்தார். முடிச்சு விறைத்துப் போயிருந்தது. பிரித்தபோது துணி போனைவிட்டு வரவில்லை. ஐஸ் பெட்டியில் விரல் ஒட்டிக்கொள்வதுபோல ஒட்டியிருந்தது. கண்ணாடி உடைந்த போன். வந்த நாளிலிருந்து சார்ஜே போடவில்லையாம்.

தூரத்துப் பள்ளிவாசலில் லுஹர் பாங்கு சொன்னார்கள். நாங்கள் மூவரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டோம். பாங்கு முடிந்தது.

என் லேப்டாப் திரையில் ஒரு வரி மாறியது.

ஆசிக், இணைப்பில் இருக்கிறார்.

உயிரில்லாத போன் என் கையில்தான் இருந்தது.

ஆஃப்ரினின் ஆபீஸ் இணைப்பு அறுந்தது. மீட்டிங்குக்குக் கூப்பிடும் நேரம் நெருங்கிவிட்டது. அப்போதும் எனக்குத் தொழில் புத்தி போகவில்லை. ஏதோ பழைய கணக்கு தானாக இயங்குகிறது, அழித்தால் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இத அழிச்சிரவாடி?"

"வேண்டாம்க்கா" என்று குசுகுசுத்தாள்.

"அப்ப வேலை?"

அவள் மாமியைப் பார்த்தாள். மாமி தரையைப் பார்த்தார்.

"அழிச்சிரு" என்றாள்.

அழித்தேன். ஆபீஸ் இணைப்பு உடனே வந்தது. பிசகில்லாமல் நின்றது. மீட்டிங் தொடங்கியது. வெளி ஆண்களோடு பேச வேண்டாமென்று ஆஃப்ரின் எப்போதும் மைக்கை மூடியே வைத்திருப்பாள், பதிலை எழுதித்தான் அனுப்புவாள். அது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். அவள் விரல்கள் வேகவேகமாக ஓடுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காராச்சேவைப் பிரித்தேன்.

"ஆஃப்ரின், உங்க பக்கம் சத்தம் வருது. மைக்கை மூடுங்க" என்றாள் ஸ்ரீமதி.

மைக் மூடித்தான் இருந்தது. நானும் பார்த்தேன்.

"யாரோ இரும்புக் கதவைத் தட்டுற மாதிரி இருக்கு."

எங்கள் அறையில் ஒரு சத்தமும் இல்லை. நான் மூச்சு விட்டேன். மூச்சு வெள்ளையாகப் போனது.

"ஆஃப்ரின், யாரது? ஒரு ஆம்பளைக் குரல் கேக்குது."

அவள் லேப்டாப்பின் நெட் கேபிளை உருவினேன். மீட்டிங் நிற்கவில்லை.

ரௌட்டரை அணைத்தேன். ஆயுசு முழுக்க ஊருக்கெல்லாம் நான் சொல்லிக் கொடுத்த வைத்தியம் அது. அதன் விளக்கெல்லாம் அணைந்தது.

மீட்டிங் நிற்கவில்லை.

"குளுருதுங்கிறாரு" என்றாள் ஸ்ரீமதி. "'அப்ரீ, கதவத் தொற'ன்னு சொல்றாரு. யாருங்க அது? தொறந்து விடுங்களேன்!"

அப்ரீ என்று அவளை ஒருவர்தான் கூப்பிடுவார்.

பிறகு ஆபீஸிலிருந்தே அறுத்துவிட்டார்கள். ஸ்ரீமதி போனில் என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். கிளையண்ட் முன்னாலேயே வேறு ஆள் ஒருவர் ஆஃப்ரினின் இணைப்புக்குள் புகுந்துவிட்டார், இனி ஒன்றும் செய்வதற்கில்லை, லேப்டாப்பைத் திருப்பி அனுப்பிவிடச் சொல்லுங்கள் என்று.

வேலை போனது ஆஃப்ரினின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"ரூம்ல தூங்கையிலன்னுதானக்கா சொன்னாக" என்றாள். "அன்னைக்கு மத்தியானம் அவுக பேசவே வரலக்கா. கெடங்குக்குள்ளயா மாட்டிக்கிட்டாக? யாருமே தொறந்து விடலயா?"

மாமி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதார்.

"அந்த வழியத் திரும்பப் போடுக்கா. ஒன் கால்ல விழுறேன்."

போட்டுப் பார்த்தேன். அதே பெயரைக் கொடுத்துப் பார்த்தேன். பழைய வழிக்கான சாவி அந்தப் போனுக்குள் இருந்தது. போன் கடைசிவரை உயிர் பெறவில்லை. அவர் தட்டிக்கொண்டிருந்த கதவை நான்தான் அடைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த எந்த வேலையாலும் அதைத் திறக்க முடியவில்லை.

அந்தப் பெட்டி அங்கே இருந்தால் தங்கச்சி பைத்தியமாகிவிடுவாள் என்று பயந்தேன். ரௌட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். என் தங்கச்சியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன், பயத்தில்.

பந்தல்குடியில் பஸ் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னலில் அனல் அடித்தது. அருப்புக்கோட்டை வருவதற்குள் பக்கத்துச் சீட்டு அம்மா என் முழங்கையைத் தட்டினார்.

"யம்மா, பையில மீனா? தண்ணி ஒழுகுது பாரு."

என் மடி நனைந்து விறைத்திருந்தது. போன் அடித்தது. ஆஃப்ரின்.

"அக்கா, வீட்டுல குளிரு போயிருச்சுக்கா." தேம்பிக்கொண்டே பேசினாள். "அவுகள எங்கக்கா கொண்டுபோற?"

மடியில் இருந்த பைக்குள் யாரோ மெதுவாகத் தட்டினார்கள். நிறுத்தி, மறுபடியும் தட்டினார்கள்.