மாலை 5.10-க்கு ஓர் அஞ்சலி

போன் அலறியது.

காலை பத்தே முக்கால். ராமநாதபுரம் அரண்மனைக்குப் பக்கத்துத் தெரு. ஜெராக்ஸ் கடை மாடியில் பத்துக்குப் பத்து அறை. 'ஷெரின் வெப் டிசைன்ஸ்' என்ற போர்டு மட்டும் அறையைவிடப் பெரியது.

ஷெரின் எடுத்தாள்.

"ஹலோ... யோகேஸ்வரன் பிளாக்கு நீங்க செஞ்சதுதானா? அடியில ஒங்க பேரும் நம்பரும் போட்டிருக்கு."

"ஆமாண்ணே. நீங்க யாரு?"

"காரங்காட்டுலருந்து சந்தியாகு. சுற்றுலாப் படகு ஓட்டுறேன். நான் செத்துப் போயிட்டேன்."

"என்னண்ணே சொல்றீங்க?"

"நான் சொல்லல தங்கச்சி. ஒங்க பிளாக்கு சொல்லுது. என் போட்டோ போட்டு, கண்ணீர் அஞ்சலின்னு கொட்டை எழுத்துல."

ஷெரின் அவசரமாக பிளாக்கைத் திறந்தாள். நாதஸ்வரம் முழங்கியது. திரை முழுக்க ரோஜா இதழ்கள் உதிர்ந்தன. அதற்கு நடுவே...

கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு மீசை முகம். கீழே கவிதை.

*அலையாத்தி மரத்தடியில் அணைந்துபோன தீபமே!*
*சந்தியாகு என்றழைத்த சந்தனத்தின் ரூபமே!*
*படகுதான் கவிழ்ந்ததா... என் இதயமும் கவிழ்ந்ததா...*

"என்னைய இதுவரைக்கும் ஒருத்தரும் சந்தனம்னு சொன்னதில்ல" என்றார் சந்தியாகு. "எம் பொஞ்சாதி கிட்டயே வர மாட்டா, மீன் வாடை அடிக்குதும்பா."

"யாரோ தப்பா போட்டிருக்காங்கண்ணே. இப்பவே எடுத்துர்றேன்."

"இருங்க. கவிதைக்கு மேல ஒரு வரி இருக்கு பாருங்க. அதப் படிங்க."

ஷெரின் படித்தாள். குரல் பாதியில் இறங்கியது.

"'இன்று மாலை நான்கு மணியளவில், காரங்காடு அலையாத்திக் காட்டில் படகு கவிழ்ந்து...'"

"இப்ப மணி என்ன தங்கச்சி?"

பத்து நாற்பத்தேழு.

யோகேஸ்வரனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நிலம். கடலோரமாக இறால் பண்ணை. இதெல்லாம் தொழில். மற்றபடி அவர் ஒரு கவிஞர். 'கவிச்சிகரம்' என்பது பட்டம். கொடுத்தது முகவை முத்தமிழ்ப் பேரவை. அந்தப் பேரவையின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் அவரே. எனவே பட்டமளிப்புத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஆறு மாதமாக அவருடைய பிளாக்கைச் சீர்செய்வதுதான் ஷெரினுக்கு வேலை. முதலில் அரச கம்பீரம் வேண்டும் என்றார்... சிவப்புத் தீம் போட்டாள். பிறகு ஆன்மிக ஒளி வேண்டும் என்றார்... மஞ்சள். பக்கம் திறந்ததும் நாதஸ்வரம் ஊத ஒரு பிளகின். ரோஜா இதழ் உதிர ஒரு பிளகின். அவர் கவிதையை யாரும் திருடிவிடாமல் பூட்டுப் போட இன்னொரு பிளகின். இந்தக் கடைசிப் பிளகினுக்கு இன்றுவரை ஒரு வேலையும் வரவில்லை.

நேற்று திடீரென்று பச்சை வேண்டும் என்றார். காரணம், இன்று உலகச் சுற்றுச்சூழல் தினம். மாலை ஐந்து மணிக்கு அவருக்குப் 'பசுமைச் செம்மல்' விருது. கொடுப்பது யார் என்று கேட்காதீர்கள். அதே பேரவைதான்.

ஷெரின் பதிவின் விவரத்தைத் திறந்தாள்.

எழுதியது: யோகேஸ்வரன். எழுதிய நாள்: முந்தாநாள். தானாக வெளியாக வேண்டிய நேரம்: இன்று மாலை 5.10.

பிறகு ஏன் காலையிலேயே வெளியானது?

அமைப்புப் பக்கத்துக்குப் போனாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அந்தப் பச்சைத் தீமைச் செய்தவன் நியூசிலாந்துக்காரன். நேற்று அவசரத்தில் அவன் வைத்திருந்த மாதிரிப் பக்கங்களை அப்படியே இறக்கினாள். மரம், இலை, பறவையோடு அவன் ஊர்க் கடிகாரமும் சேர்ந்து இறங்கிவிட்டது. ராமநாதபுரத்துக் கவிச்சிகரத்தின் பிளாக், ராத்திரியிலிருந்து நியூசிலாந்து நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் ஊருக்கு ஆறரை மணி நேரம் முந்தி!

சாவுக்குப் பிறகு வர வேண்டிய அஞ்சலி, சாவுக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"அண்ணே... சாயங்காலம் நாலு மணிக்கு ஒங்களுக்கு என்ன வேலை?"

"ஒரு டிரிப்பு இருக்கு. மெட்ராஸ்காரராம். பறவைய போட்டோ எடுக்கணுமாம். தனிப் படகு வேணும், வேற யாரும் ஏறக் கூடாதுன்னு போன்ல சொன்னாரு."

ஷெரினின் கண் மறுபடி அந்த 'நான்கு மணியளவில்' மேல் போய் நின்றது.

"தங்கச்சி, இத அழிச்சிராதீங்க" என்றார் சந்தியாகு. "நான் அங்கன வாரேன்."

பகல் பன்னிரண்டரை. ஷெரினின் அறையில் மூன்று பேர். ஷெரின், சந்தியாகு, சப்-இன்ஸ்பெக்டர் துர்காதேவி.

ஷெரின் எல்லாவற்றையும் ஒரு காப்பி எடுத்துவிட்டு, பிளாக்கின் கடிகாரத்தை இந்தியாவுக்குத் திருப்பியிருந்தாள். அஞ்சலி மறுபடி மாலை 5.10-க்காகக் காத்திருந்தது.

"அவருக்கு ஒங்க மேல என்ன கோவம்?" என்று கேட்டாள் துர்காதேவி.

சந்தியாகு தன் போனை நீட்டினார். அலையாத்தி மரங்களை ஜேசிபி வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குடை பிடித்தபடி யோகேஸ்வரன். பதினாறு படங்கள்.

"இறால் பண்ணைய அகலப்படுத்துறாரு மேடம். அவரு கவிதை போட்டா, நான் அடியில ஒரு படம் போடுவேன். அழிப்பாரு. நான் மறுநா வேற பேருல போடுவேன். திங்கக்கெழம கலெக்டர்கிட்ட மனு குடுக்கப் போறேன்னும் போன வாரம் போட்டேன்."

"அதச் சொல்லிட்டா செய்வாங்க?"

"சொல்லாமச் செஞ்சா அவருக்கு எப்படித் தெரியும் மேடம்?"

ஷெரினின் போன் அடித்தது. திரையில் 'கவிச்சிகரம்'. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா ஷெரின், அந்த ரோஜா இதழை ஒரு பதிவுக்கு மட்டும் நிப்பாட்ட முடியுமா?"

"முடியும்யா. எந்தப் பதிவுக்கு?"

"சாயங்காலம் ஒண்ணு வரும். அதுல மூலையில ஒரு கறுப்பு ரிப்பன் தொங்கணும். அதுக்கு ஏதும் பிளகின் இருக்கா?"

சந்தியாகு மீசையைத் தடவிக்கொண்டார்.

"யாருக்குய்யா அஞ்சலி?"

மறுமுனையில் சின்ன இருமல்.

"பொதுவாச் சொல்றேன். கவிஞன்னா துக்கத்துக்கு எப்பவும் தயாரா இருக்கணும்."

"நாதஸ்வரத்த எடுத்துரவா?"

"இருக்கட்டும். சோகமா மாத்திரு. மேடைக்குப் பின்னால பெரிய திரையில எம் பிளாக்க ஓட விடுறோம். ஊரே பாக்கும். சொதப்பிராத."

வைத்துவிட்டார்.

துர்காதேவி உதட்டைப் பிதுக்கினாள். "இத வச்சு இப்பவே புடிச்சா, எவனோ ஹேக்கர் எழுதிட்டான்னு சொல்லிட்டு வெளிய வந்துருவாரு. கவிதை எழுதுனதுக்குக் கேஸ் போட முடியாது."

"முழுசாப் படிச்சுட்டுச் சொல்லுங்க மேடம்" என்றார் சந்தியாகு.

"வெளையாடாதீங்க. இன்னைக்கு நீங்க படகு எடுக்கக் கூடாது. வீட்டுலயே இருங்க."

"எடுப்பேன்."

"சந்தியாகு..."

"இன்னைக்கு நான் வீட்டுல ஒளிஞ்சா, நாளைக்கு வேற எடத்துல வேற கவிதை வரும். அது எம் படகு. அது நான் பொறந்த கடலு. எவனோ ஒருத்தன் நாலு மணின்னு நேரம் குறிச்சு வச்சுட்டான்னு நான் எதுக்கு ஒளியணும்? நாலு மணிக்கு நான் அங்கன இருப்பேன். நீங்க எங்க இருப்பீங்கன்னு நீங்க முடிவு பண்ணிக்கிருங்க."

துர்காதேவி அவரையே பார்த்தாள்.

"எத்தனை படகு இருக்கு ஒங்க ஊர்ல?" என்றாள்.

மாலை நான்கு. காரங்காடு படகுத்துறை.

தொப்பி. கறுப்புக் கண்ணாடி. தோளில் கேமரா பை. வந்தவன் துறையிலேயே லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"ஒங்களுக்கு வேண்டாமாண்ணே?" என்று சந்தியாகுவிடம் கேட்டான்.

"நமக்கெதுக்கு?"

படகு கிளம்பியது. அலையாத்தி மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. ஓடை வளைந்தது. துறை மறைந்தது. இன்ஜின் சத்தம் சட்டென்று நின்றது...

கொக்குக் கூட்டம் ஒன்று அலறிக்கொண்டு மேலே எழும்பியது.

அப்புறம் சத்தமே இல்லை.

நான்கு ஐம்பது. ராமநாதபுரத்தில் ஒரு திருமண மண்டபம்.

மேடையில் யோகேஸ்வரன். பச்சைச் சால்வை. பச்சைத் தலைப்பாகை. கழுத்தில் ரோஜா மாலை. போன் அதிர்ந்தது. மாலைக்குள் கையை விட்டு எடுத்துக் காதில் வைத்தார்.

"முடிஞ்சிருச்சுங்கய்யா" என்றது ஒரு குரல்.

வைத்தார். தண்ணீர் குடித்தார். விருதை வாங்கினார். சரியாக ஐந்து ஒன்பதுக்கு மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே... இந்த மகிழ்ச்சி வேளையில் ஓர் இடி. காரங்காட்டின் கடல் மைந்தன், என் பாசத்திற்குரிய சந்தியாகு, படகு கவிழ்ந்து மறைந்தார் என்ற செய்தி சற்றுமுன் வந்து என் நெஞ்சைப் பிளந்தது. என்னையும் அறியாமல் என்னுள் பீறிட்ட கவிதை, இதோ இந்த நொடியே என் பிளாக்கில் வெளியாகிறது. அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காப்போம்!"

கூட்டம் எழுந்தது. யோகேஸ்வரன் கண்ணை மூடினார். ஒரு நிமிடம்.

கூட்டம் உட்கார்ந்தது.

ஒருவர் மட்டும் உட்காரவில்லை. மூன்றாவது வரிசை. நனைந்த சட்டை. தனக்கான மௌனத்தை ஒரு நொடிகூடக் குறைக்காமல் முறையாக அனுசரித்துவிட்டு, அப்படியே நின்றுகொண்டிருந்தார்...

சந்தியாகு!

யோகேஸ்வரனின் கையிலிருந்து விருது நழுவியது. பிளாஸ்டிக் என்பதால் உடையவில்லை.

அதே நேரம் பின்னால் திரை உயிர்பெற்றது. கறுப்பு ரிப்பன் தொங்கியது. நாதஸ்வரம் சோகமாக அழுதது. ரோஜா இதழ்களுக்குப் பதிலாக வேறு ஏதோ உதிர ஆரம்பித்தது. பிடுங்கிய மரம். ஜேசிபி. குடை பிடித்த யோகேஸ்வரன். மறுபடி ஜேசிபி. பதினாறு படங்களும் மாறி மாறி, திரை முழுக்க, மழையாக!

மேடைப் படியில் ஷெரின் நின்றாள்.

"அழி" என்று அவள் பக்கம் பாய்ந்தார் யோகேஸ்வரன். "இப்பவே அழி. ஒனக்கு வேலை குடுத்தவன் நான்."

"மாட்டேன்."

"யாருகிட்டப் பேசுறன்னு தெரியுமா? ஜில்லாவுல ஒரு பய ஒனக்கு வேலை குடுக்க மாட்டான்."

"குடுக்கலன்னா போகட்டும். நானும் காரங்காட்டுல படகு ஓட்டிக்கிறேன். மாட்டேன்யா."

துர்காதேவி மேடையேறினாள். பின்னாலேயே, விலங்கு போட்ட கையோடு தொப்பிக்காரன்.

"முத்தழகு. ஒங்க பண்ணை மேஸ்திரி. கேமரா பையில கேமராவே இல்ல. வீல் ஸ்பேனர் இருந்துச்சு. ஓங்குனப்போ சந்தியாகு தண்ணியில பாஞ்சுட்டாரு, நாங்க மரத்து மறைவுலருந்து வந்துட்டோம். 'முடிஞ்சிருச்சு'ன்னு ஒங்களுக்குப் போன் பண்ணது இங்க வர்ற வழியில, ஜீப்புல நாங்க பக்கத்துல ஒக்காந்திருக்கும்போதுதான்."

"சதி. அந்தக் கவிதைய நான் எழுதல. ஹேக்கர் எவனோ..."

"ஹேக்கர் வந்தா பாஸ்வேர்டத் திருடுவான்யா" என்றாள் ஷெரின். "ஒங்க வீட்டு நெட்டுல ஒக்காந்து, எதுகை மோனை சரியில்லன்னு பதினோரு தடவை திருத்த மாட்டான். ஒவ்வொரு திருத்தமும் தேதியோட இருக்கு."

முன்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் அவரைச் சுட்டது. பிறகு துர்காதேவி அவருக்கு விலங்கு மாட்டியபோதுகூட அவர் முகம் அப்படிச் சுருங்கவில்லை.

"சிரிங்க... எனக்கு லட்சோப லட்சம் வாசகர்கள் இருக்காங்க. அவங்க கேப்பாங்க!"

ஷெரின் தன் போனைத் திருப்பிக் காட்டினாள்.

"வந்து படிச்சவங்க விவரம்யா. ஒங்களையும் என்னையும் விட்டுட்டுப் பாத்தா, இந்த ஆறு மாசமும் ஒரே போன்தான். காரங்காட்டுப் போன். காலையில அந்த அஞ்சலி ஊருக்கே தெரியுற மாதிரி தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ஒரு ஜனம் பாக்கல. இவரு மட்டும்தான் பாத்தாரு."

யோகேஸ்வரன் வாயைத் திறந்தார். எதுகை கிடைக்கவில்லை.

துர்காதேவி தலையை ஆட்டினாள். "இருந்தது ஒரே ஒரு வாசகர். அவரையும் அடிச்சுக் கொல்ல ஆள் அனுப்பியிருக்கீங்களேய்யா."

சந்தியாகு சட்டை நுனியைப் பிழிந்தார். மண்டபத் தரையில் கடல் தண்ணீர் சொட்டியது.

"கொல்றதக்கூட மன்னிச்சிரலாம் மேடம்" என்றார். "அந்தக் கவிதையோட என்னைய அடக்கம் பண்ணப் பாத்தாரு பாருங்க... அதத்தான் தாங்க முடியல."