அக்காவின் தப்புக் கூடை

எங்கள் வீட்டின் முன்னறைதான் சலவைக் கடை. தெருவைப் பார்த்தபடி ஒரு நீள மேசை, அதன் மேல் இஸ்திரிப் பெட்டி, பின்னால் துணி மூட்டைகள். சுவரில் அப்பா ஒரு போர்டு எழுதி மாட்டியிருக்கிறார்: ‘சீட்டு இல்லாமல் துணி தரப்படாது.’ அப்பாவின் கையெழுத்து அழகாக இருக்காது. ஆனால் கண்டிப்பாக இருக்கும்.

அந்த போர்டை மதிக்காத ஒரே ஆள் என் அக்காதான்.

மூக்குக்கண்ணாடி மாமா என்று எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் உண்டு. சீட்டைத் தொலைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருநாள் வெறும் கையோடு வந்து நின்றார்.

“சீட்டு எங்கயோ போயிடுச்சும்மா. வெள்ளைச் சட்டை. சாயந்தரம் ஒரு கல்யாணத்துக்குப் போகணும். வேற நல்ல சட்டை எங்கிட்ட இல்லை” என்று முகத்தைத் தொங்கப் போட்டார்.

அவ்வளவுதான், அக்காவுக்கு மனசு உருகிவிட்டது. மூட்டையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அது பேங்க் மேனேஜருடைய சட்டை. மேனேஜர் நல்ல குண்டு, மாமா நல்ல ஒல்லி. கல்யாண வீட்டில் சட்டைக்குள் மாமாவைத் தேடித்தான் கண்டுபிடித்திருப்பார்கள்.

அப்பா மேனேஜர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அக்காவைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதியும் போன வருஷம் உனக்கு இடம் கிடைக்கலை. இந்தத் தடவையும் எழுது, நான் வேண்டாங்கலை. ஆனா இப்பவும் கிடைக்கலைன்னா படிப்பை விட்டுட்டுக் கடைக்கு வந்துடு. என்னால தனியா சமாளிக்க முடியலை” என்றார்.

“சரிப்பா” என்றாள் அக்கா. மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அக்காவுக்கு என் வயதிலிருந்தே வக்கீல் ஆசை. அது நடக்காமல் போய்விடுமோ என்று எனக்கும் கவலை வந்தது.

அன்றிலிருந்து நான் அக்காவின் உதவியாளர். அலாரம் வைப்பது, நேரம் முடிந்ததும் பேனாவைப் பிடுங்குவது, விடைகளைத் திருத்துவது, மூன்றும் என் பொறுப்பு. பேனாவைப் பிடுங்குவதில் நான் கெட்டிக்காரி.

அக்கா ஒரு மாதிரித் தேர்வு முடித்ததும் அடுத்ததை எடுப்பாள். அதை முடித்ததும் இன்னொன்று. மதிப்பெண் மட்டும் பசை போட்டு ஒட்டியதுபோல அதே இடத்திலேயே நின்றது.

“பத்தலை, இன்னும் நிறைய எழுதணும்” என்பாள்.

“எழுதி எழுதிப் பேனாதான் தீருது” என்பேன் நான். தலையில் ஒரு குட்டு விழும்.

ஒருநாள் அம்மா துவைக்கும் தொட்டிக்குள் துணிகளை மொத்தமாகக் கொட்டப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்படியே போடாதே. மைக்கறை தனியா வை, எண்ணெய்க்கறை தனியா வை. என்ன கறைன்னு பாக்காம தேய்ச்சா கைதான் வலிக்கும், கறை போகாது.”

நான் துணியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அக்கா எழுதி முடித்த தேர்வுத் தாள்களை எல்லாம் எடுத்தேன். தப்பான கேள்விகளை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டினேன். மூன்று துணிக் கூடைகளை வரிசையாக வைத்தேன். கணக்குக் கேள்வி ஒன்றில், பொது அறிவு ஒன்றில், விதிக் கேள்வி ஒன்றில்.

“என் பேப்பரை ஏன்டி வெட்டினே, வாலு?” என்று அக்கா பதறிக்கொண்டு வந்தாள்.

“கறை பிரிக்கிறேன். இங்கே பாரு.”

கணக்குக் கூடையில் அடிகூட மறையவில்லை. பொது அறிவுக் கூடையும் அப்படித்தான். விதிக் கூடைதான் நிரம்பி வழிந்தது.

விதிக் கேள்வி என்றால் பெரிய விஷயமில்லை. சட்டம் படிக்காதவர்கள் எழுதும் தேர்வு என்பதால், விதியையும் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். கூடவே ஒரு சம்பவம் இருக்கும். அந்த விதிப்படி தீர்ப்பு என்ன என்று சொல்ல வேண்டும். வேறு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நான் ஒரு துண்டை எடுத்துப் படித்தேன். “‘விதி: அடுத்தவர் தோட்டத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைபவர் அபராதம் கட்ட வேண்டும். சம்பவம்: ஒரு சிறுமி தன் பூனைக்குட்டியைத் தேடிப் பக்கத்துத் தோட்டத்துக்குள் நுழைந்தாள். அபராதம் உண்டா?’ நீ இல்லைன்னு போட்டிருக்கே.”

“பாவம்டி. பூனைக்குட்டியைத் தேடித்தானே போனா?”

“விதியில பூனைக்குட்டி வருதா?”

நான் அடுத்த துண்டை எடுத்தேன். வேலை போன ஒருவர், இறந்துபோன மனைவியின் படத்தை மாட்ட வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்துவிட்டார். ஆணி அடித்தவரே சுவரைச் சரிசெய்ய வேண்டும் என்பது விதி. அக்கா ‘வேண்டாம்’ என்று போட்டிருந்தாள்.

“ஐயோ பாவம்” என்று தொட்டிப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“பாத்தியா, அம்மாவே சொல்றாங்க” என்றாள் அக்கா.

“அம்மா பரீட்சை எழுதலையே” என்றேன்.

கூடையைக் கிளறக் கிளற எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அக்கா தப்புச் செய்த விதிக் கேள்வி எல்லாவற்றிலும் யாராவது ஒரு பாவப்பட்ட ஆள் இருந்தார். யாரும் அழாத கேள்விகளை அவள் சரியாகவே எழுதியிருந்தாள். மேனேஜர் சட்டையைத் தூக்கிக் கொடுத்த அதே கைதான் இங்கேயும் வேலை காட்டியிருக்கிறது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அக்கா இதுவரை பார்க்காத ஒரு கேள்வியை எடுத்தேன். ஆட்களை எடுத்துவிட்டுத் தொட்டியடியில் இருந்த சாமான்களைப் போட்டுப் படித்தேன்.

“விதி: இரவல் வாங்கின பொருளை உடைச்சா, புதுசு வாங்கித் தரணும். சம்பவம்: ஒரு குவளை, வாளிகிட்ட குடையை இரவல் வாங்கிச்சு. மழையில நனைஞ்ச ஒரு சோப்பைக் காப்பாத்த ஓடினப்போ குடை உடைஞ்சுபோச்சு. தீர்ப்பு என்ன?”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். “குவளைதான் வாங்கித் தரணும். இரவல் வாங்கிச்சு, உடைச்சுது, முடிஞ்சுது. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“சரியான விடை. இப்போ நிஜக் கேள்வியைக் கேளு. குவளை ஒரு ஏழை மாணவன். வாளி அவனோட வாத்தியார். சோப்பு ஒரு கைக்குழந்தை.”

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. துண்டை வாங்கித் தானே ஒருமுறை படித்தாள்.

“அப்போ யாரையும் பாத்துப் பாவப்படவே கூடாதா?” என்று மெல்லக் கேட்டாள். “அப்படின்னா எனக்கு இந்தப் படிப்பே வேண்டாம்டி.”

நான் தலையைச் சொறிந்துகொண்டேன்.

“உள்ளே எழுதும்போது எல்லாரையும் வாளின்னு நினைச்சுக்கோ. வெளியே வந்து வேணும்னா அழுதுக்கோ” என்றேன்.

அதற்குப் பிறகு அக்கா புதுத் தாள்களை அடுக்கடுக்காக எழுதவில்லை. ஒன்று எழுதுவாள், தப்பைக் கூடையில் போடுவாள், ஏன் தப்பென்று எனக்கு விளக்குவாள். எனக்குப் புரியாவிட்டால் அவளுக்கும் சரியாகப் புரியவில்லை என்று கணக்கு. எழுதும்போது ‘வாளி, குவளை’ என்று முணுமுணுப்பது மட்டும் ஓயாமல் கேட்கும். ஒட்டிக்கொண்டிருந்த மதிப்பெண் மெல்ல நகர்ந்தது. விதிக் கூடை காலியாகிக்கொண்டே வந்தது.

தேர்வு நாளில் நானும் அப்பாவும் தேர்வு மையத்தின் வாசலில் காத்திருந்தோம். அக்கா சிவந்த கண்களோடு வெளியே வந்தாள்.

“என்னாச்சு?” என்றார் அப்பா.

“ஒண்ணுமில்லப்பா. ஒரு குவளைக்கு அபராதம் போட்டுட்டேன். ரொம்ப நல்ல குவளை. அதான் ஹாலை விட்டு வெளியே வந்ததும் அழுதேன்.”

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

முடிவு வரும் நாளும் வந்தது. அம்மாவின் போனில் முடிவு போடும் இணையப் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து மூக்குக்கண்ணாடி மாமா வெறும் கையோடு வந்து நின்றார்.

“சீட்டு போயிடுச்சும்மா. நாளைக்குப் புது வேலையில சேரணும். அந்தக் கறுப்பு பேண்ட் இல்லாம எப்படிப் போறது?”

அப்பாவின் இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது. அக்கா போர்டை நிமிர்ந்து பார்த்தாள்.

“சீட்டு இல்லாம தர முடியாது மாமா.”

மாமாவின் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. அவர் திரும்பி நடந்தபோது, அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

“எங்கே போறீங்க? சீட்டு இல்லாம துணி தரக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கு. சீட்டைத் தேடித் தரக் கூடாதுன்னு எழுதலையே. வாங்க, உங்க வீட்டுல தேடலாம். வாலு, நீயும் வா.”

மாமாவின் அலமாரியைத் தேடினோம். கட்டிலுக்கு அடியில் தேடினோம். கடைசியில் சீட்டு கண்ணாடி டப்பாவுக்குள் இருந்தது. “மறக்கக் கூடாதுன்னுதான் அங்கே வெச்சேன்” என்றார் மாமா. அதற்கு அடியிலேயே அந்த வெள்ளைச் சட்டையின் சீட்டும் மடங்கிக் கிடந்தது.

மூவரும் திரும்பி வந்தபோது அம்மா ஈரக் கையில் போனைப் பிடித்தபடி தெருவில் நின்றிருந்தாள்.

“வந்துடுச்சு” என்றாள். “உன் பேர் இருக்குடி.”

அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பா மேசையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது யாருடைய கைக்குட்டையோ, மறுபடியும் துவைத்தாக வேண்டும். சந்தோஷத்தில் எனக்கும் அழுகை வந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடி மாமா சீட்டை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். அதை வாங்கத்தான் ஆளில்லை.

நான் போய் அக்காவின் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தேன். சீட்டை வாங்கி எண்ணைச் சரிபார்த்தேன். கறுப்பு பேண்ட்டை எடுத்து, அளவையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மாமாவிடம் கொடுத்தேன்.