அமுக்கிப் பிடித்த கால்

ரிங்லெட்டில், பாக் சிக் (மாமா) என்று நாங்கள் கூப்பிடும் பெரியவர் டெராமானிடம் வாங்கிய பழைய ஜீப்பை, பிரிஞ்சாங்கில் எங்கள் வீட்டுக் கொட்டகைக்கு நான் ஓட்டி வந்தது ஒரு திங்கட்கிழமை. புதன்கிழமை மத்தியானம் அது நின்ற இடத்தைவிட்டு நகர மறுத்தது. கிளட்ச் பெடலை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போய் அங்கேயே கிடந்தது. கியர் விழவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நாங்கள் மலைக்குக் கீழே தாப்பா ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும். என் மனைவி நோர்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன; வாரம் மூன்று நாள் அங்கேதான் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். மழையில் சாலையோரம் சரிந்திருந்ததால் பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள். இந்த ஜீப்பை விட்டால் வேறு வழியில்லை.

நான் தக்காளித் தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கிறவன். தோட்டத்து வண்டிகளைப் பழுது பார்த்துப் பழக்கம் உண்டு. மூடியைத் திறந்து பார்த்தேன். கிளட்ச் ஆயில் டப்பா ஏறக்குறையக் காலி. பெடலுக்கு அடியில் விரிப்பைத் தூக்கினேன், ஈரமில்லை. அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்தபோது கியர்பெட்டியை ஒட்டிய சின்ன சிலிண்டர் நனைந்திருந்தது. உள்ளே ரப்பர் கிழிந்திருந்தது. கைவசம் இருந்த புது ரப்பரைப் போட்டு, ஆயில் ஊற்றினேன். இனி குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

"நீ சும்மா உட்கார்ந்தா போதும்," என்றேன் நோர்மாவிடம். "அமுக்குன்னா அமுக்கிப் பிடி. விடுன்னு சொல்ற வரைக்கும் காலை எடுக்காதே. எடுத்தா காத்து திரும்ப உள்ளே போயிரும்."

"கல்யாணமான நாள்லேர்ந்து அபாங் சொன்னபடிதானே நடக்கிறேன்," என்றாள். கணவனை அபாங் என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம்.

"அப்படியா? எனக்குத் தெரியாதே."

சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். ஏறுவதற்குள்ளேயே அவளுக்கு மூச்சு வாங்கியது.

நான் அடியில் மல்லாந்து படுத்தேன். சிலிண்டரில் காற்றை வெளியேற்றும் திருகான நிப்பிளில், உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டிருந்தேன். "அமுக்கு," என்றேன். "அமுக்கிட்டேன், அபாங்." நிப்பிளைத் தளர்த்தினேன். குமிழிகள் சரம்சரமாக ஓடின. இறுக்கினேன். "விடு." "விட்டேன்."

நாலைந்து முறை அப்படிப் போயிருக்கும். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. மூடுபனி கொட்டகைக்குள் இறங்கி, சக்கரங்களுக்கு அப்பால் எதுவும் தெரியாமல் அடித்தது. ஆயில் வாடையோடு, எங்கிருந்தோ பழைய தைல வாடையும் வந்தது.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன், அபாங்."

குரல் தேய்ந்திருந்தது. களைத்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் கால் களைக்கவில்லை. முன்பைவிட உறுதியாக, ஒரே அளவாக, இதைப் பல தடவை செய்து பழகிய கால் போல அமுக்கியது. குமிழிகள் குறைந்தன. கடைசியாக ஒரு தடவை சொன்னேன்.

"அமுக்கு. நல்லா அமுக்கிப் பிடி."

"பிடிச்சிட்டேன்."

நிப்பிளைத் தளர்த்தினேன். ஒரு குமிழிகூட இல்லாமல் ஆயில் ஓடியது. இறுக்கிக்கொண்டே தலையைத் திருப்பினேன்.

சமையலறைப் பக்கமிருந்து, பனிக்குள்ளே, இரண்டு கால்கள் நடந்து வந்தன.

நோர்மாவின் பச்சைச் செருப்பு.

"அபாங், முடிஞ்சுதா?" என்றாள், குனிந்து, குடையைப் பிடித்தபடி. "தலை சுத்துச்சு. படுத்துக்கிறேன்னு சொல்லிட்டு மழை பிடிச்சப்பவே உள்ளே போயிட்டேனே. கேக்கலையா?"

குடையைச் சாய்த்து, வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?"

எப்படி வெளியே வந்தேன், எப்படி அவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன் என்பது நினைவில்லை. கதவைச் சாத்திவிட்டு, ஆயில் கையோடு டெராமானுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். 

"அது அவதான்," என்றார். "என் வீட்டுக்காரி."

அவருக்கும் மனைவிதான் எப்போதும் பெடலை அமுக்குவாளாம். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், அமுக்கிப் பிடி என்று அவளிடம் சொன்ன நேரத்தில், பக்கத்து வீட்டுக்காரர் கூரையிலிருந்து விழுந்துவிட்டார் என்று கூச்சல் கேட்டிருக்கிறது. இவர் நிப்பிளை இறுக்கிவிட்டு ஓடிவிட்டார்.

"திரும்பி வர ஒரு மணி நேரம் ஆச்சு, தம்பி. ஸ்டியரிங்கிலே தலை சாஞ்சு கிடந்தா. உடம்பு சில்லுன்னு இருந்துச்சு. நெஞ்சுவலி வந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு. இறங்கி ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கலாம் இல்லையா? கால் மட்டும் பெடலைவிட்டு எடுக்கல. நான் விடுன்னு சொல்லலையே."

"அப்புறம் சொன்னீங்களா?"

"எத்தனை நாள் அந்த வண்டிக்குப் பக்கத்துல உட்கார்ந்து சொல்லியிருக்கேன். எனக்கு அவ ஒரு நாளும் பதில் சொன்னதில்ல. என் மேலே கோவம்னு நெனச்சு வித்துட்டேன். உங்ககிட்ட மறைச்சது தப்புதான்." பிறகு கேட்டார்: "நீங்க கடைசியா அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"அமுக்கிப் பிடின்னு."

"விடுன்னு?"

"இன்னும் சொல்லல."

"போய்ச் சொல்லிருங்க," என்றார் மெதுவாக. "பாவம். கால் வலிக்கும்."

மழை தணிந்திருந்தது. நோர்மா சமையலறை வாசலிலேயே நின்றாள். உதடுகள் துஆ ஓதிக்கொண்டிருந்தன. நான் கொட்டகைக்குள் போனேன்.

ஜீப்பின் கதவு திறந்தபடி இருந்தது. இருக்கையில் யாரும் இல்லை.

பெடல் தரையோடு தரையாக அமுங்கியிருந்தது.

குழாயில் காற்று இல்லை, ஆயில் நிறைய இருக்கிறது. பெடல் தானாக மேலே வந்திருக்க வேண்டும். அது மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. வலியைப் பொறுத்துக்கொள்கிற ஒருவரின் கால் நடுங்குமே, அப்படி. என் பயம் அந்த ஒரு கணம் எங்கோ போய்விட்டது.

"விட்ருங்க, மாக் சிக்," என்றேன், அத்தை முறை வைத்து. "போதும். வேலை முடிஞ்சிருச்சு."

பெடல் ஆடாமல் நின்றது. பிறகு மெதுவாக, விரற்கடை விரற்கடையாக, மேலே வந்து நின்றது. இருக்கையின் ஸ்பிரிங் ஒரு தடவை முனகியது. தைல வாடை காற்றோடு கரைந்தது. நான் ஜீப்பின் திறந்த கதவோரம் சாய்ந்து மூச்சு விட்டேன்.

"போயிட்டாங்களா?" என்று வாசலிலிருந்து நோர்மா கிசுகிசுத்தாள்.

தலையாட்டினேன்.

என் காதுக்கு வெகு அருகில், ஓட்டுநர் இருக்கையிலிருந்து, கீழ்ப்படிதலோடு அந்தக் குரல் கேட்டது.

"அடுத்து என்ன செய்யணும், அபாங்?"