மறுமுனை

கோரினின் கையில் கொடுத்த நூல் ஈரமாக இருந்தது.

மற்றப் பத்துப் பேருடையதும் கடையிலிருந்து வந்த புதுக் கம்பளி நூல். ரோஜா நிறம், எலுமிச்சை மஞ்சள், வான நீலம். அவளுடையதும் புதிதுதான், வெள்ளை. ஆனால் விரலில் சுற்றியபோது சில்லென்று இருந்தது. யாரும் பார்க்காதபோது முகர்ந்து பார்த்தாள். நெடுநாள் வெயில் படாத மண்ணின் வாடை.

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. வெளியே அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து செப்டம்பர் வெயில் சாலைத் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே எல்லா ஜன்னல்களிலும் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டியிருந்தார்கள். கல்லூரி மாணவியர் மன்றத்தார் சேர்ந்து தங்கும் அந்தப் பெரிய செங்கல் வீட்டில் ஆண்டுக்கு ஒரு நாள் இப்படிப் பகலை இருட்டாக்குவார்கள். புதிதாகச் சேர்ந்தவள் ஒவ்வொருத்திக்கும் ஒரு நூல். வீடு முழுக்கச் சுற்றி ஓடும் அதைச் சுருட்டிக்கொண்டே போனால், மறுமுனையைப் பிடித்தபடி மூத்தவள் ஒருத்தி காத்திருப்பாள். அவள் அன்றிலிருந்து அக்கா. இவள் தங்கை. படிப்பு முடிந்த பிறகும் அப்படித்தான், கல்யாணங்களிலும் சாவுகளிலும்கூட.

விதிகள் மூன்றுதான். பேசக் கூடாது. நூலை விடக் கூடாது. மறுமுனையில் இருப்பவள் பெயர் சொல்லி அழைத்தால் மட்டுமே விடலாம். அக்கா கிடைக்காதவளுக்கு அடுத்த சனிக்கிழமை மன்றத்தில் சேர்வதற்கான சபதமேற்பில் இடமில்லை.

புதியவர்கள் பதினொரு பேர். அக்காவாக ஒப்புக்கொண்டவர்கள் பத்துப் பேர். இதைக் கோரினிடம் சொன்னவள் மேப்ரி. அவளும் புதியவள், ஆனால் அவளுடைய அம்மாவும் பெரியம்மாவும் இதே வீட்டில் இருந்தவர்கள், எல்லாச் செய்தியும் அவளுக்கு முதலில் வரும். வியாழக்கிழமை குளியலறைக் கண்ணாடி முன்னால் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டே சொன்னாள்.

"உன் பேரை ஒருத்திகூட எழுதலையாம் கோரின். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத."

கோரின் அதற்குப் பிறகும் வந்தாள். ஆறு வாரமாக இந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகும். அவளுடைய ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு, கோழிப் பண்ணை நாற்றம் அடிக்கும் ஊர்தானே அது என்று ஒருத்தி விசாரித்தாள். விசாரித்தவள் பதிலுக்காக நிற்கவில்லை. கோரினுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. இந்த வீட்டில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள் இரண்டாம் வாரமே இடம் மாறிப் போய்விட்டாள். எனக்கு ஒரு அக்கா கிடைக்கப்போகிறாள் என்று கோரின் அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். நல்லதாகப் போயிற்று, இனி நீ ராத்திரியில் எனக்குப் போன் செய்து அழ வேண்டாம் என்றாள் அம்மா.

மேப்ரி சொன்னதைக் கேட்ட பிறகு தனக்கு நூலே இருக்காது என்றுதான் நினைத்து வந்தாள். இருந்தது.

புதியவர்களுக்குப் பொறுப்பான ஆன்ஸ்லி மூன்றாம் ஆண்டு மாணவி. அவள் கோரினின் மணிக்கட்டில் வெள்ளை நூலைத் தானே சுற்றிவிட்டாள்.

"என்ன தங்கம் முழிக்கிற? உனக்கும் ஒருத்தி இருக்கா. உன்னைப் பார்க்கத் துடிச்சிக்கிட்டிருக்கா."

பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். விளக்கு அணைந்தது.

நூல் முதலில் கூடத்தைக் குறுக்காக வெட்டி, சாப்பாட்டு மேசைக் கால்களுக்கு அடியில் புகுந்து, மாடிப்படியின் கைப்பிடிக் கம்பிகளில் ஒன்று விட்டு ஒன்றாக ஏறி, மேல் தளத்தின் அறைகளில் கட்டில்களைச் சுற்றிவிட்டு மறுபடி இறங்கியது. இருட்டில் மற்றவர்களின் நூல்கள் அவள் கழுத்தில் உரசின, முடியில் தெளித்த தைலமும் வியர்வையும் வாசனைத் திரவியமும் கலந்த உடம்புகள் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் நகர்ந்தன, எங்கேயோ ஒரு கதவுக்குப் பின்னால் ஒரு பெயர் கேட்கும், உடனே ஓர் அலறல், இரண்டு பேர் கட்டிக்கொண்டு குதிக்கும் சத்தம். கோரின் எண்ணிக்கொண்டே போனாள். நாலாவது அலறல் மேப்ரியுடையது. பத்தாவது கேட்டபோது அவள் சமையலறையைத் தாண்டிப் பின்பக்க நடையில் இருந்தாள். அவளுடைய நூல் மட்டும் இன்னும் முடியவில்லை. அது துணி துவைக்கும் அறைக்குள் போயிற்று.

உள்ளே, துவைக்கும் இயந்திரத்தின் சிறு விளக்கொளியில், ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். உயரம். குளியல் அங்கி. தோள்வரை மஞ்சள் முடி.

கோரின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெருங்கினாள். தொட்டாள். மரம்.

ஒரே சமயத்தில் ஐந்து கைப்பேசிகளின் வெளிச்சம் அடித்தது. தரை துடைக்கும் மாப். அதற்கு ஒரு விக், ஓர் அங்கி, காகிதத்தில் வரைந்த சிரித்த வாய். கழுத்தில் அட்டை, அதில் 'உன் அக்கா' என்ற எழுத்து.

ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி படம் எடுத்தாள்.

"கட்டிப்பிடிச்சுக்கடி, வெக்கப்படாத. எவ்வளவு நேரமா காத்துக்கிட்டிருக்கா பாவம்" என்றாள் ஆன்ஸ்லி.

கோரின் நகரவில்லை. சிரிப்பு ஓய்ந்ததும் ஆன்ஸ்லியின் குரல் மாறியது. கோரினின் பெட்டியைக் கட்டிப் பின்வாசலில் வைத்திருப்பதாகவும், இதைப் பற்றிக் கல்லூரி அலுவலகத்தில் முறையிட்டால் யாரும் நம்பப்போவதில்லை என்றும் சொன்னாள். நூலை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம்.

கோரின் நூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பின் கழியில் அது இரண்டு காது வைத்த முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தது. முடிச்சோடு நிற்கவில்லை. கழியிலிருந்து இறங்கி, தரையில் ஓடி, துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போயிற்று. அங்கே சுவரின் அடியில், குழாய் பழுது பார்ப்பவர்கள் வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போவதற்கான பலகைக் கதவு. அது ஒரு சாண் திறந்திருந்தது.

ஆன்ஸ்லியும் அதைப் பார்த்தாள்.

"யாருடி நூலை அங்க வரைக்கும் இழுத்தது?"

மற்ற நாலு பேரும் இல்லையென்று தலையாட்டினார்கள்.

"விளையாடாதீங்க. நான் மாப்புலதான் முடிச்சுப் போட்டேன். மிச்சத்தை வெட்டிட்டேன்."

நூல் விறைத்தது. மெதுவாக, கவனமாக. முடிச்சின் ஒரு காது சுருங்கியது. பிறகு மற்றது. முடிச்சு அவிழ்ந்ததும் மாப் கவிழ்ந்து விழுந்தது, விக் தனியாக உருண்டது. நூல் இப்போது கோரினின் கையிலிருந்து நேராகப் பலகைக் கதவுக்குப் போயிற்று.

இரண்டு முறை இழுபட்டது. வலிக்காமல்.

ஒரு வெளிச்சம் அணைந்தது. நடையில் ஓடும் காலடிகள். இன்னொன்று. கடைசியில் ஆன்ஸ்லி மட்டும் அறைக்கதவருகே நின்றாள்.

"கோரின், விட்டுடு. நிஜமாத்தான் சொல்றேன். அதை விட்டுடு."

ஒரு நிமிடத்துக்கு முன்பும் அதையேதான் சொன்னாள். இந்த ஆறு வாரமும் இந்த வீட்டில் எல்லா வாய்களும் எல்லா நாற்காலிகளும் சொன்னது அதைத்தான். விடு. போ. தன் பக்கமாக அவளை இழுத்தது இது ஒன்றுதான்.

பயம் இருந்தது. ஆனாலும் சுருட்டினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. குனிந்து பலகைக் கதவுக்குள் தோளை நுழைத்தபோது பின்னால் அறைக்கதவு சாத்தப்பட்டது. வெளியிலிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.

வீட்டுக்கு அடியில் எழுந்து உட்காரவும் உயரம் இல்லை. செங்கல் தூண்களும் களிமண்ணும் தலைக்கு மேல் உத்தரங்களும். முழங்கையால் ஊர்ந்தாள். மேலே பலகைத் தளத்தில் நாற்பது கால்கள் ஆடின, அக்காவும் தங்கையுமாகச் சேர்ந்து வீட்டுப் பாட்டைப் பாடினார்கள், ஒவ்வொரு குதிப்புக்கும் தூசி அவள் கழுத்தில் கொட்டியது. நூல் நனைந்துகொண்டே வந்தது. பிழிந்தால் சொட்டும். சுருட்டிய உருண்டை ஒரு கைக்குள் அடங்கவில்லை.

இரண்டாவது தூணைத் தாண்டினாள்.

மூன்றாவது.

பாட்டு பின்னால் போயிற்று. வீடு இவ்வளவு நீளமில்லை.

விரல்களுக்கிடையில் நூல் மெலிந்தது. வழுக்கியது. கம்பளி எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.

முடி.

நீளமான, ஈரமான முடி. அவள் அதைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

கை நின்றது. விட்டுவிடலாம். திரும்பிப் போய்க் கதவைத் தட்டலாம். யாராவது திறப்பார்கள். அவள் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள்.

யாரும் திறக்க மாட்டார்கள்.

"கோரின்."

மிக அருகில். முகத்துக்கு நேராக. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, வயதும் இல்லை. அந்தப் பெயரை வாய்க்குள் பலநாள் வைத்திருந்து இப்போதுதான் வெளியே விட்டதைப்போல.

அழைத்தால் விடலாம். அது விதி.

விட்டாள்.

"நான்தான்" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

இருட்டிலிருந்து இரண்டு கைகள் வந்தன. குளிர்ந்தவை, மெல்லியவை. அவசரமே இல்லை அவற்றுக்கு. அவள் தோளைத் தொட்டன. முதுகுக்குப் போய் அணைத்தன. யாரும் அவளை அப்படி அணைத்ததில்லை. கோரின் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சாய்த்தாள்.

சாய இடம் எதுவும் இல்லை. வெறும் காற்று.

கைகள் முதுகைச் சுற்றி முன்னால் வந்தன. மார்பைக் கடந்தன. மறுபடி முதுகுக்குப் போயின. மறுபடி முன்னால்.

இன்னும் வந்துகொண்டிருந்தன.