நீலக் கணவாய்

"ஏனுங்க... இந்தப் பொட்டிக்குள்ள அப்படி என்னதானுங்க வெச்சிருக்கறீங்க?"

அபிராமி தலை நிமிர்ந்தாள். மழைக்காக ஷட்டர்களை எல்லாம் இறக்கிவிட்ட திருப்பூர் டவுன் பஸ். மூச்சு முட்டும் கூட்டம். அவள் காலடியில் இருந்த ஐஸ்பெட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீர், பக்கத்தில் நின்றவனின் துணிப்பையை நனைத்துவிட்டிருந்தது. பைக்குள் வெள்ளை வெளேரென்று பனியன் துணி. இப்போது அது வெள்ளையாகவும் இல்லை, அதன் வாசம் வெளியே சொல்லும்படியாகவும் இல்லை.

"கணவாய்" என்றாள்.

"என்னதுங்க?"

"கணவாய் மீன். ராத்திரி பூரா என்கூட ரயில்ல வந்திருக்கு. அதுக்கும் களைப்பு, எனக்கும் களைப்பு. மன்னிச்சிருங்க."

அவனுக்குக் கோபம் வந்த வேகத்திலேயே நின்றுவிட்டது. காரணம், அந்தக் கண்கள். பெரிய கண்கள்... தூக்கமில்லாமல் சிவந்து, ஓரமெல்லாம் உப்புக்காற்றில் காய்ந்து, சண்டை போடக்கூடத் தெம்பில்லாத கண்கள். இப்படி ஒரு பெண்ணோடு மல்லுக்கு நிற்க யாருக்கு மனசு வரும்?

மனசு வராவிட்டால் என்ன, வாய் சும்மா இருக்குமா?

"இது வெளிநாட்டு பையருக்குப் போற சாம்பிளுங்க. இனி எப்படி அனுப்பறது? மீன் கொழம்போட சேர்த்தா?"

"அனுப்பிப் பாருங்களேன்... ஆர்டர் டபுளானாலும் ஆகும்."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தான். சிரித்துவிட்டான். துணிக்குச் சாயம் ஏற்றும் டையிங் யூனிட் ஒன்றின் லேபில் வேலை, பெயர் தரணீதரன் என்றான். 'டையிங்' என்ற சொல்லைக் கேட்டதும் அந்தக் களைத்த கண்கள் பளிச்சென்று விழித்துக்கொண்டன.

"அப்ப இந்தக் கணவாய்க்கு நீலச் சாயம் போட்டுத் தருவீங்களா?"

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

இறங்கிய இடத்தில் ஒரு டீக்கடை. மழை விடுகிற வழியாக இல்லை. அவள் சொல்லச் சொல்ல அவன் டீயை ஆறவிட்டான்.

ஆழ்கடலில் மைல்கணக்கில் நீளும் ஒற்றைக் கயிறு. அதில் வரிசையாக ஆயிரக்கணக்கில் தூண்டில் முள். சூரை மீனுக்காகத்தான் இரை மாட்டுகிறார்கள். ஆனால் இரையைக் கண்டு பறவையும் பாய்கிறது, ஆமையும் கடிக்கிறது. அதனால் இந்த மீன்பிடிப்புக்குச் சில படகுகளுக்கு மட்டும் பரிசோதனையாக அரசு அனுமதி கொடுத்திருந்தது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. இரைக்கு நீலச் சாயம் ஏற்ற வேண்டும், கடலின் நிறத்தோடு கலந்துவிட்டால் பறவையும் ஆமையும் ஏமாறும் என்று ஒரு நம்பிக்கை. படகில் ஒரு கண்காணிப்பாளர் கூடப் போக வேண்டும். குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஆமைகள் சிக்கினால் அதோடு பரிசோதனை நிறுத்தம்.

"அந்தக் கண்காணிப்பாளர் நான்தான்" என்றாள். "படகுல எல்லாரும் சோறு போடுவாங்க. முகம் குடுக்க மாட்டாங்க. ஆபீஸ்ல கேக்குக்குப் போடுற கலர்ப்பொடியக் குடுத்து நீயே கலக்கிக்கன்னுட்டாங்க. நான் கலக்குனா திட்டுத்திட்டா வருது. எங்க அப்பாவும் அம்மாவும் இங்கதான் பனியன் கம்பெனியில தைக்கிறாக. சாயத்துக்கு இந்த ஊர விட்டா வேற ஊர் ஏது?"

தரணியின் முகம் சட்டென்று மூடிக்கொண்டது.

"ஓ... நிறுத்தற டிபார்ட்மென்ட்டுங்களா நீங்க?"

அவன் அப்பா திருமூர்த்தியும் ஒரு காலத்தில் சாயப்பட்டறை முதலாளிதான். ஆற்றில் சாயக்கழிவு கலக்கிறது என்று கோர்ட் உத்தரவில் ஊரில் இருந்த பட்டறைகள் எல்லாம் மூடிய வருஷம் அதுவும் மூடியது. கழிவுநீரைச் சுத்திகரிக்க வசதி இருந்தவர்கள் மறுபடி திறந்தார்கள். இவர்களால் முடியவில்லை. முதலாளி மகன் இப்போது அடுத்தவர் பட்டறையில் சம்பளத்துக்கு நிறம் பார்க்கிறான். ஆய்வுக்கு வருகிற ஆள் என்றாலே அவனுக்கு ஆகாது.

ஆனாலும் எழுந்து போகும்போது, "நாளைக்கு லேபுக்குக் கொண்டாங்க" என்றான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. நமக்குத் தெரியும்.

மறுநாள் நடந்தது வெளியே சொல்லக் கூடிய கதை இல்லை. பருத்தித் துணியில் சாயம் ஏறச் சூடு வேண்டும். கை பழகிய பழக்கம்... துணிக்கு வைக்கிற சூட்டையே கணவாய்க்கும் வைத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் லேப் முழுக்க ஒரே மணம். மூடியைத் திறந்தால் கணவாய் வெந்து, சுருண்டு, அழகான நீலத்தில் சாப்பிடத் தயாராக இருந்தது.

"சாயம் நல்லாத்தானுங்க ஏறியிருக்குது..." என்று இழுத்தான்.

"ஆமா. மசாலாதான் ஏறலை!"

அபிராமி சிரித்தாள். எத்தனையோ மாதங்களாகச் சிரிக்காத சிரிப்பு... கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் நீர் நிற்கவில்லை. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். அவன் கவனிக்காதது போல நின்றான். நன்றாகக் கவனித்திருந்தான்.

பிறகு குளிர்ந்த தண்ணீரில், நிதானமாகக் கிளறி, ஒரே சீரான நீலம் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு முறை கரைக்கு வரும்போதும் அவள் கணவாயோடு திருப்பூர் வந்தாள். அவனோ தன் சாயத்தைத் தானே குறை சொன்னான்.

"இது கொஞ்சம் டல்லா இருக்குதுங்க. நாளைக்கும் ஒருக்கா வந்து பாத்தறீங்களா?"

ஆமைக்கு இவ்வளவு நுணுக்கம் தெரியுமா என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கும் நாளைக்கு வர வேண்டியிருந்தது.

ஒரு சாயங்காலம், பூட்டிக் கிடந்த அப்பாவின் பட்டறைக்கு அவளைக் கூட்டிப் போனான். துருப்பிடித்த கதவைத் தொட்டுக்கொண்டே பேசினான்.

"நம்ம சாயத்தப் பாத்துட்டு உங்க போட் ஓனர் போன்ல பேசினாருங்க. பரிசோதனை ஜெயிச்சுதுன்னா எல்லாப் போட்டுக்கும் நீல இரை கட்டாயமாயிருமாமா. வருசம் பூராவும் ஆர்டர் எனக்கே குடுக்கறேன்னாரு. இதுல கழிவுன்னு பெருசா ஒண்ணும் வராதுங்க. பட்டறையத் திறந்தர்லாம். திறந்துட்டு..."

"திறந்துட்டு?"

"உங்க ஊட்டுக்கு வந்து அப்பாகிட்டப் பேசறேனுங்க. சம்பளக்காரனா வந்து நிக்கறதுக்கு எனக்கு ஒரு மாதிரியா இருக்குது."

அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் கூடவே ஒரு பயமும் வந்தது. 'என் கல்யாணம் ஒரு ஆமை வாயைத் திறக்காமல் இருப்பதிலா இருக்கிறது?'

கடலில் பறவைகள் ஏமாந்தன. ஆமைகள் ஏமாறவில்லை. நீலமோ வெள்ளையோ, இரை இரைதான் என்று கடித்தன. கயிற்றை ஏற்றும்போது ஒன்று தொண்டையில் முள்ளோடு மேலே வந்தது. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அபிராமி முள்ளை எடுக்கப் பார்த்தாள். முடியவில்லை. அது அவளைப் பார்த்துக்கொண்டே செத்துப்போனது. அந்த வாரத்துக்குள் சிக்கிய ஆமைகளின் எண்ணிக்கை எல்லை தாண்டிவிட்டது.

துறைமுகத்தில் இறங்கியதும் படகு ஓனர் பக்கத்தில் வந்தார்.

"கண்ணுல படலைன்னு ரெண்டு ஆமையை விட்டுட்டு எழுதுனா என்னம்மா? எனக்கும் பிழைப்பு ஓடும். திருப்பூர்த் தம்பியும் நல்லா இருக்கும்."

அன்று முழுக்க அவள் எதுவும் எழுதவில்லை. மறுநாள் உள்ளதை உள்ளபடி எழுதினாள். பரிசோதனை நின்றது.

போனில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, நேரில் வந்தாள். அவன் பட்டறைக் கதவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை பிரஷ் அப்படியே நின்றது.

"கடைசில நீங்களும் மூடிட்டீங்க."

"ஆமா."

"என்னையப் பத்தி ஒரு நிமிசம் நெனச்சீங்களா?"

"நெனச்சேன். அதான் ஒரு நாள் லேட்டாச்சு."

அவன் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான். பெயின்ட் அடித்த இடத்திலேயே மறுபடி அடித்தான். அவள் நடந்தாள். எத்தனை முறை படகு ஏறியிருப்பாள்... அந்தத் தெருமுனைவரை நடந்ததுதான் பெரிய பயணமாக இருந்தது.

அடுத்த வாரம், ஒரு மத்தியானம். அபிராமியின் பெற்றோர் குடியிருந்த லைன் வீட்டின் வாசலில் தரணீதரன் வந்து நின்றான். ஷேவ் செய்யாத முகம். தூங்காத கண்.

"உள்ள வரலாமுங்களா?"

"அப்பா நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்குறாக. மெல்லப் பேசுங்க."

இருவரும் வாசல்படியில் உட்கார்ந்தார்கள். அவன் குரலைத் தணித்துக்கொண்டான்.

"எங்க பட்டறைக்கு ஒரு ஆபீசர் வருவாருங்க. நாந்தான் இளநி சீவிக் குடுப்பேன். குடிச்சுப்போட்டு, சாக்கடைப் பக்கமே போகாம, எல்லாம் சரியா இருக்குதுன்னு எழுதீட்டுப் போயிருவாரு. ரொம்ப நல்ல மனுசன்னு ஊட்ல பேசிக்குவோம். அவரு ஒரே ஒருக்கா உள்ளத எழுதியிருந்தா அன்னைக்கே சரி பண்ணியிருப்போமுங்க. ஆத்துலயும் சாயம் போயிருக்காது, பட்டறையும் பூட்டியிருக்காது." படியில் விரலால் கோடு இழுத்தான். "நீங்க அவர மாதிரி இல்லைன்னு கோவிச்சுக்கிட்டேன் பாருங்க... எனக்கு எத்தன கொழுப்பு!"

அவள் தலையைத் திருப்பி, உள்ளே தூங்கும் அப்பாவைப் பார்த்துக்கொண்டாள்.

"பட்டறை திறக்கலீங்க. இனித் திறக்கும்னும் தோணல. சம்பளக்காரனாத்தான் வந்திருக்கேன். எனக்கு உங்களப் புடிச்சிருக்குதுங்க."

"நாங்க இங்க பொழைக்க வந்த சனம். உங்க வீட்ல ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்க மாட்டாங்க. பெரிய சண்டை வரும். போட்டுக்கறேனுங்க."

"நான் திரும்பவும் கடலுக்குப் போவேன்."

"போயிட்டு வாங்க. அங்க பாத்தத எழுதுங்க. நான் எங்க ஓடிரப் போறேன்?"

அபிராமி முழங்காலில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள். சொல்லாமல் விட்டால் இந்தப் பாரம் இறங்காது.

"அந்த ஒரு நாள்... பொய் எழுதிரலாம்னு நிஜமாவே நெனச்சேன் தரணி. உங்களுக்காக. அந்த அளவுக்கு உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. எனக்கே பயம் வந்துருச்சு."

"எழுதியிருந்தா?"

"அப்புறம் உங்க முகத்த எப்படிப் பார்க்குறது?"

இருவருக்கும் அவ்வளவு களைப்பு. அவள் மெதுவாக அவன் தோளில் சாய்ந்தாள். அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

உள்ளே பாயில் புரளும் சத்தம் கேட்டது. அவள் அப்பா வீரணனின் தூக்கக் குரல் வந்தது.

"யாரு தாயி வாசல்ல?"

தரணி பதறி எழப் பார்த்தான். அபிராமி அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நான் கட்டிக்கப் போறவருப்பா. நீங்க தூங்குங்க."