இரண்டு மில்லிமீட்டர் எமன்

போன் அலறியது!

பென்னாகரத்தில் பழைய வீடியோ கேம் ரிப்பேர் பார்க்கும் லூர்துமேரி, சோற்றுக் கையோடு எடுத்தாள்.

"அக்கா... எங்க எதுத்த வூட்டு சின்னப்பண்ணன கழுத்த நெரிச்சுக் கொன்னுட்டாங்கக்கா!" தங்கை பிளசி கதறினாள். "ஷோகேஸ்ல இருந்த அந்த லட்ச ரூபா ஜப்பான் கேம் கேசட்ட மட்டும் காணோம். வூடு பூரா போலீசு!"

"மாதாவே!"

போனை வைத்து நிமிர்ந்தால்... கடை வாசலில் பூவரசன். பழைய சாமான் புரோக்கர். உள்ளே வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"சாப்டீங்களாக்கா?"

மேஜையில் ஒரு கேசட்டை வைத்தான்.

அதே ஜப்பான் கேசட்!

பாவி, இவன்தானா!

"மேல பாருங்க. லேபிள் விளிம்போட ஒட்டியிருக்கு. இத வாங்கப் போற பெங்களூர் பார்ட்டி அனுப்புன அசல் போட்டோல மேல ரெண்டு மில்லிமீட்டர் கேப்பு இருக்கு. எறக்கி ஒட்டிக் குடுங்க."

கேப் எப்படி இருக்கும்? இது போன வாரம் அவளே செய்த டூப்ளிகேட்! பழைய கேம் கேசட் சேர்க்கும் சின்னப்பன், அசலை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு அதுவரை ஷோகேஸில் வைக்க அதே மாதிரி ஒன்று கேட்டிருந்தார். இரண்டும் கலந்துவிடக் கூடாதென்று வேண்டுமென்றே மேலேற்றி ஒட்டியிருந்தாள்.

அசல்? இதே மேஜை டிராயரில்!

"நா... நாளைக்கு வாங்க தம்பி."

"கை ஏங்க்கா நடுங்குது? போன்ல யாரு?"

கத்தி மேஜைக்கு வந்தது.

ஹேர் டிரையரைப் போட்டாள். சூட்டில் லேபிள் சுருண்டு எழும்பியது. அப்போதுதான் நினைவு வந்தது...

சிலுவை!

எந்த லேபிளை ஒட்டினாலும் அடியில் பேனாவால் ஒரு சிலுவை போட்டுத்தான் ஒட்டுவாள். ஊருக்கே தெரிந்த பழக்கம். இவன் பார்த்தால் டூப்ளிகேட் என்று புரிந்துவிடும். அடுத்து டிராயர். அதற்கடுத்து அவள் கழுத்து!

"தம்பி... அந்த ஃபேன நிறுத்துங்க. தூசி ஒட்டிக்கும்."

அவன் சுவிட்சுக்குத் திரும்பினான்.

ஒரே நொடி! லேபிளைப் பிடுங்கி, சிலுவை மேலேயே கீழிறக்கி அமுக்கினாள். மேல் மூலைகள் இரண்டிலும் நொடியில் ஒட்டும் பசையைத் தாராளமாக ஊற்றினாள்.

"ரெண்டு கட்ட வெரலாலயும் மூலைய அழுத்திப் புடிங்க. விட்டீங்கன்னா கோணிக்கும்."

"நீங்க புடிங்க."

"என் கைதான் நடுங்குதே தம்பி!"

முறைத்தான். கத்தியை வைத்தான். கேசட்டைத் தூக்கி, இரண்டு கட்டை விரலையும் பதித்தான்.

ஒன்று... இரண்டு... மூன்று...

"போதுமா?"

கையை எடுத்தான். வரவில்லை! இழுத்தான். தோல்தான் எரிந்தது.

"ஏய்... என்னடி பண்ண?"

கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்து வெளியே பாய்ந்தாள். ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் வாய்விட்டு அழுதாள். பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்து போலீசுக்குப் போன் போட்டார்.

பத்தாவது நிமிடம் இன்ஸ்பெக்டர் முனிராஜ் ஷட்டரைத் தூக்கினார். கேசட்டும் கையுமாக நின்றவனைப் பார்த்தார். எடுத்த விலங்கைத் திரும்பப் பையில் போட்டார்.

"எனக்கு வேலையே வெக்கலியேம்மா!"

"அது டூப்ளிகேட்டு சார். லேபிளுக்கு அடியில என் சிலுவ இருக்கும். அசலு டிராயர்ல."

"டூப்ளிகேட்டா?" பூவரசனுக்கு முகம் செத்தது. "இதுக்கா நான் அந்தாளக் கொன்னேன்!"

லூர்துமேரி கண்ணைத் துடைத்தபடி ஸ்கேலை நீட்டினாள்.

"ரெண்டு மில்லிமீட்டர் எறக்கி ஒட்டிட்டேன் தம்பி... கை ஒழிஞ்சா அளந்து பாத்துக்கங்க!"