ஆறாவது அம்பு

அம்புக்கூட்டில் ஐந்துதான் இருந்தன.

ஐலி கையுறையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றின் வாலிலும் விரல் வைத்து இன்னொரு முறை எண்ணினாள். ஐந்து. வீட்டில் வண்டி ஏறும்போது ஆறு இருந்தன, அதில் சந்தேகமே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ஆறையும் பரப்பி, வாலில் ஊதா நகப்பூச்சு தடவியவளே அவள்தான். காட்டுத் தரையில் விழுந்தால் தேடி எடுக்கச் சுலபமாக இருக்கும் என்று தடவினாள். கட்டிலில் கிடந்தபடி அதைப் பார்த்து அவள் புருஷன் ரஸ்ஸல் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"மான் அடிக்கப் போறியா, மான் வீட்டுக் கல்யாணத்துக்குப் போறியா?"

"வாயை மூடிட்டுப் படு, துரை. நாலு மாசமா படுத்துக் கிடக்குற ஆளுக்குப் பேச்சைப் பாரு."

இப்போது அவள் பதினைந்தடி உயரத்தில், தேவதாரு மரத்தோடு சேர்த்துக் கட்டிய ஒரு பலகை இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். கீழே சதுப்பு நிலம், பெரணிச் செடிகள், அதற்கும் கீழே எங்கோ ஒரு ஓடை. காணாமல்போனது எந்த அம்பு என்று அவளுக்குத் தெரிந்தது. இறகில் பழுப்புக் கறை படிந்த அம்பு. வரும் வழியில் வேலியைத் தாண்டினாளே, அங்கே நழுவியிருக்கும். திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

புது வில் வாங்குவதெல்லாம் அவர்களுக்கு நடக்கிற காரியமில்லை. மரம் ஏற்றும் லாரியிலிருந்து விழுந்து ரஸ்ஸல் இடுப்பை முறித்துக்கொண்டதும் முதலில் விலைக்குப் போனது துப்பாக்கி. துப்பாக்கியால் சுட நவம்பர் பாதிவரை காத்திருக்க வேண்டும், வில்லுக்கு அக்டோபரிலேயே அனுமதி. ஃப்ரீசரில் ஐஸைத் தவிர ஒன்றும் கிடையாது. இரண்டு பையன்கள். ஒரு மாதமாகப் பேஸ்டி என்கிற மாவுப் பொதிக்குள் உருளைக்கிழங்கும் டர்னிப்பும்தான், இறைச்சி என்று பேருக்குக்கூட இல்லை. ஒரு மான் விழுந்தால் பனிக்காலம் ஓடிவிடும். விழாவிட்டால் என்ன செய்வது என்று அவள் யோசித்துப் பார்க்கவில்லை, யோசிக்கப் பயமாக இருந்தது.

அதனால்தான் அதே ஊர்க்காரி பியூலா தன் வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றபோது, ஐலி முதல் ஆளாகப் போய் நின்றாள். நாண் ஓட இரு நுனியிலும் சக்கரம் வைத்த வில், ஆறு அம்பு, ரப்பர் பூட்ஸ், எல்லாம் பியூலாவின் புருஷன் ஆர்வோவுடையவை.

"அவன் உயரம் உன் உயரம்தான்டி, இழுத்துப் பாரு. உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்."

இழுத்தாள். அப்படித்தான் இருந்தது. "ஆர்வோ திரும்பி வந்து கேட்டா என்ன சொல்லுவ?"

"வரட்டும், வந்து கேக்கட்டும். கிரீன் பே டவுன்ல எவ கூடவோ குடும்பம் நடத்துற நாய்க்கு வில்லு ஒரு கேடா? போன அக்டோபர்ல மான் அடிக்கப் போறேன்னு போனான். வில்லு மரத்துல தொங்குச்சு, ஆளைக் காணோம். ஷெரிஃப் ஆளுங்க ரெண்டு வாரம் சல்லடை போட்டுத் தேடினாங்க. ஓடிப்போனவனை மரத்தடியில தேடினா கிடைப்பானா?"

"இந்த ஒரு அம்புல மட்டும் என்ன கறை?"

"மான் ரத்தமா இருக்கும். அது மட்டும் தரையில குத்தி நின்னுச்சாம். மூணு தடவை தோச்சுட்டேன், சனியன் போக மாட்டேங்குது." பியூலா அதைக் கூட்டில் செருகினாள். "அவன் கட்டின இருக்கை, ஏணி எல்லாம் காட்டுல அப்படியேதான் இருக்கு. கழட்ட சிரமமா இருந்தா அங்கேயே உக்காந்துக்க. காசா, பணமா?"

காசில்லாமல் கிடைத்த இடத்தில்தான் இப்போது உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் மெல்லக் குறைந்துகொண்டிருந்தது. ஈர இலைகளின் வாடை, தேவதாருப் பிசினின் வாடை, சதுப்பிலிருந்து எழும் அழுகல் வாடை எல்லாம் மாறிமாறி வந்துகொண்டிருக்க, இடையில் ஒரு கணம் இவற்றோடு ஒட்டாத ஒரு மணம் வந்தது. புதினா கலந்த புகையிலை. ஆர்வோ கடைவாயில் எப்போதும் அதை அடக்கி வைத்திருப்பான், ஊருக்கே தெரியும். ஐலி வில்லின் கைப்பிடியை மோந்து பார்த்தாள். சோப்பு மணம்தான். மறுபடி காற்றில் மூக்கை வைத்தாள். கீழேயிருந்து வந்தது. இப்போதுதான் யாரோ மென்று துப்பியது போலப் புதிதாக இருந்தது.

"அடச்சீ" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பழைய பலகையில் ஊறியிருக்கும், அவ்வளவுதான்.

ரஸ்ஸல் சொல்லித்தந்ததை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். நேற்று அவன் விளையாட்டை விட்டுவிட்டுச் சொன்னது.

"அடிச்ச உடனே இறங்கிடாத. கடிகாரத்தைப் பாத்து அரை மணி நேரம் உக்காரு. முனை அவ்வளவு கூர்மை, பட்டதே அதுக்குத் தெரியாது. கிளை குத்தின மாதிரி ஒரு துள்ளு துள்ளும், நாலடி போகும், புல்லுகூட மேயும். அப்புறம் தாகம் எடுக்கும், தண்ணி பக்கமா இறங்கும், தூக்கம் வந்த மாதிரி படுத்துக்கும். துரத்தினா ஓடும். விட்டுட்டா தானா படுக்கும்."

"பாவம்ல?"

"பாவம்தான். இன்னொரு வாரம் டர்னிப்பு போட்டா நாங்கதான் பாவம். கேளு. ரத்தம் பாக்குற எடத்துல எல்லாம் ஒரு துண்டு டாய்லெட் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டே போ. திரும்பிப் பாத்தா அது போன வழி வரிசையா வெள்ளையா தெரியும். கிட்டப் போனதும் கையை வச்சிராத. நீளமா ஒரு குச்சி எடுத்து அதோட கண்ணைத் தொடு. இமைச்சா உசுரு இருக்குன்னு அர்த்தம், இன்னொரு அம்பு போடு. இமைக்கலைன்னா கத்தியை எடுத்துக்க."

பிரிக்காத புதுச் சுருள் ஒன்று பிளாஸ்டிக் உறையோடு அவள் கோட்டுப் பையில் இருந்தது. போன் வண்டியில் கிடந்தது. இந்தப் பள்ளத்தில் சிக்னல் எடுக்காது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது வந்தது. பெண் மான், தனியாக, இருபதடி தூரத்தில், தலையைத் தாழ்த்தி. ஐலி வில்லைத் தூக்கினாள். இழுத்தாள். மூச்சை நிறுத்தினாள். விட்டாள். சப்பென்று ஒரு சத்தம், மான் எகிறியது, பெரணிச் செடிகள் அசைந்து அடங்கின.

பட்டதா? பட்டிருக்கும். கடவுளே, பட்டிருக்க வேண்டும்.

கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம். நாலு நிமிஷம். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் ரத்தத் தடம் கழுவிக்கொண்டு போய்விடும், மானும் போய்விடும், பனிக்காலமும் போய்விடும். பதினோராவது நிமிஷத்தில் அவளுக்குப் பொறுக்கவில்லை. வில்லைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினாள். மரத்தோடு பிணைத்திருந்த இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு ஏணியில் கால் வைத்தாள்.

தரைக்கு மூன்று படி இருக்கும்போது, முதுகுக்கு வலப்பக்கம், விலாவுக்குக் கீழே, யாரோ ஓங்கிக் குத்தினது மாதிரி ஒரு அடி விழுந்தது. ஈரத் துணியை உதறின மாதிரி ஒரு சத்தமும் கேட்டது.

"ஐயோ!" திரும்பிப் பார்த்தாள். ஒரு கிளை ஆடிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. "சனியன் பிடிச்ச கிளை." கோட்டின் மேலாகத் தடவிவிட்டு இறங்கினாள். வலிகூட அவ்வளவாக இல்லை.

வில்லை எடுத்துக்கொண்டு மான் நின்ற இடத்துக்குப் போனாள். வலது பூட்ஸுக்குள் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. பழைய பூட்ஸ், எங்கேயோ ஓட்டை. பியூலா இதைச் சொல்லவே இல்லை, கெட்டிக்காரி. பத்தடி போன பிறகுதான் ஒன்று உறைத்தது. சதுப்புத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்க வேண்டும். இது வெதுவெதுப்பாக இருந்தது.

அம்பு பாசியில் குத்தி நின்றது. உருவிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. ஒரு மயிர் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தப்பிவிட்டது. ஐலிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் ரஸ்ஸல் முகத்தில் எப்படி விழிப்பது, பையன்களிடம் என்ன சொல்வது என்று நின்றவள், டார்ச்சைப் போட்டுத் திரும்பினாள்.

இலையில் ரத்தம்.

பளிச்சென்று, புதிதாக. இரண்டடி தள்ளி இன்னொன்று. "பட்டிருக்கு! பட்டிருக்குடா ரஸ்ஸல்!" பாசியில் துடைத்துக்கொண்டு அம்பு சுத்தமாகியிருக்கும், அவள் என்ன கண்டாள், இது முதல் வருஷம். பேப்பரை எடுக்கக்கூட நிற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொட்டுச் சொட்டாகப் பின்தொடர்ந்தாள். மான் வந்த வழியே திரும்பியிருக்கிறது போல. மரத்தடிக்கே போயிருக்கிறது. ஏணிக்கே.

ஏணியின் மூன்றாவது படியில் ரத்தம் வழிந்திருந்தது.

மான் ஏணியில் ஏறாது.

டார்ச் வெளிச்சம் தானாக மரத்தைத் தாண்டிப் போனது. அடிமரத்துக்கு அந்தப் பக்கம், தரையில் சாய்வாக ஒரு அம்பு குத்தி நின்றது. வாலில் ஊதா நகப்பூச்சு. இறகில் பழுப்புக் கறை, அதன்மேல் இப்போது ஈரமாக, சிவப்பாக. கூட்டில் நான்கு. கையில் ஒன்று. அங்கே ஆறாவது.

கோட்டுப் பொத்தானை அவிழ்த்தாள். விரல்கள் வழுக்கின. முதுகில் ஒரு சின்ன வாய். வயிற்றில் ஒரு சின்ன வாய். சட்டை, பேன்ட், பூட்ஸ் வரைக்கும் ஒரே வெதுவெதுப்பு. கத்தினாள். அவள் நினைத்த அளவுக்குச் சத்தம் வரவில்லை.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

மான் நின்ற இடத்திலிருந்து இங்கே வரை, அவள் இப்போது நடந்து வந்த வழியெல்லாம், பெரணி இலைகளின்மேல் வெள்ளையாகத் துண்டு துண்டாகத் தாள். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒன்று. வரிசையாக.

கோட்டுப் பையில் கை விட்டாள். சுருள் இருந்தது. உறை பிரிக்காமல் இருந்தது.

வண்டி மேட்டில், கால் மைல். வயிற்றைப் பொத்திக்கொண்டு ஓடினாள். விழுந்தாள், எழுந்தாள், வில் எங்கேயோ போனது, டார்ச்சும் போனது. பின்னால் யாரும் ஓடி வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. துரத்தினால் ஓடும். விட்டுவிட்டால் தானாகப் படுக்கும். அவள் நின்றாள். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு வாய் தண்ணீர், ஒரே ஒரு வாய், அப்புறம் வண்டிக்குப் போய்விடலாம். கால்கள் நடந்தன. ஓடைச் சத்தம் பக்கத்தில் கேட்டபோதுதான் தெரிந்தது, மேட்டுக்கு ஏறவில்லை. இவ்வளவு நேரமும் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கரையில் பாசி மெத்தென்று இருந்தது. கன்னத்தை வைத்தாள். கொஞ்ச நேரம்தான். ரஸ்ஸல் விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். எழுந்திருக்க வேண்டும். எழுந்திருடி. கை கேட்கவில்லை. கால் கேட்கவில்லை. கண்கள் மட்டும் திறந்திருந்தன.

காடு சும்மா இருந்தது. ரொம்ப நேரம். அரை மணி நேரம் இருக்கும்.

பிறகு மேலே ஒரு காலடி.

நின்றது.

தாள் கிழியும் சத்தம்.

இன்னொரு காலடி. நின்றது. தாள் கிழிந்தது. அவசரமே இல்லை. காலடி. தாள். காலடி. புதினாவும் புகையிலையும் கலந்த வாடை சரிவில் இறங்கி வந்து அவள் முகத்தில் நின்றது. ஓடைச் சத்தத்துக்கு மேலே, எதையோ மெல்லுகிற சத்தம்.

கடைசித் துண்டு அவள் முழங்காலுக்குப் பக்கத்துப் பெரணிமேல் வந்து உட்கார்ந்தது. அதை வைத்த கையை அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தலையைத் திருப்ப முடியவில்லை.

பக்கத்தில் ஒரு சுள்ளி ஒடிந்தது. யாரோ அதன் இலைகளை நிதானமாக உருவிப் போட்டார்கள். நீளமான சுள்ளி.

அதன் நுனி இருட்டிலிருந்து வந்தது. மெல்ல. மூக்கைத் தாண்டி. கன்னத்தைத் தாண்டி. திறந்திருந்த அவள் கண்ணுக்கு நேராக வந்து, ஒரு மயிரிழை தள்ளி நின்றது.

இமைத்தால் இன்னொரு அம்பு. இமைக்காவிட்டால் கத்தி.

கண்ணில் நீர் கோத்தது.